ஒன்பது கோயில், இரண்டு கழிப்பறை நிறுத்தம்

ஆன்மிகச் சுற்றுலா பஸ் நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாருடைய பஸ்ஸில் போய் வந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒருவர் மட்டும் சங்கடப்படுவார். மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த நோட்டீஸ் அடிக்கப் போய்விடுவீர்கள். ஐந்து ஆண்டுகளில் நான்கு பேரிடம் பணம் கட்டிப் பயணம் போயிருக்கிறேன். நான்கு பயணங்களுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. சாம்பார் மட்டும் மாறும்.

எனக்கு வயது 51. ஈரோட்டில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் பேனா இருந்தால் எதையாவது கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும் வியாதி எனக்கு உண்டு. சென்ற மாசியில் நவக்கிரகச் சுற்றுலாவுக்கு வந்தபோதும் உங்கள் நோட்டீஸின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு பஸ் ஏறி, திங்கள் விடியற்காலை 5 மணிக்கு இறங்கினேன். மொத்தம் 31 மணி நேரம். அதில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தது 20 மணி நேரம். கோயில்களுக்குள் இருந்தது, எல்லாக் கோயில்களையும் சேர்த்து, 3 மணி 40 நிமிடம். கழிப்பறைக்கு என்று பஸ் நின்றது இரண்டு முறை. கும்பகோணத்தில் குளிப்பதற்காக இறக்கிவிட்ட மண்டபத்தில் 33 பெண்களுக்கு மூன்று குளியலறை. படுக்கை என்று ஒன்று அந்தப் பயணத்தில் எங்குமே இல்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்துத் தெருக்காரர் “ஒரே நாளில் ஒன்பது கிரகங்களும்” என்று நோட்டீஸ் அடிக்கும்போது நீங்கள் “இரண்டு நாளில்” என்று அடித்தால் பஸ் நிரம்பாது என்று பயப்படுகிறீர்கள். டீசல், டோல், டிரைவர் படி, மண்டப வாடகை எல்லாம் எனக்கும் கணக்குப் புரியும். மதியம் 12 மணிக்குமேல் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். நடை சாத்துவதற்குள் ஐந்து கோயில்களை முடித்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் வழிகாட்டித் தம்பி திங்களூரில் ஆரம்பித்து கஞ்சனூர் வரைக்கும் கையைத் தட்டித் தட்டி எங்களை ஓட்டிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு 25 வயது இருக்கும். அவர் அம்மாவுக்கு என் வயது இருக்கும். இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள் யார் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு வந்த 42 பேரில் 33 பேர் பெண்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் 45-க்கும் 60-க்கும் நடுவில். பிள்ளைகள் ஒருவழியாக ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள். மாமியாருக்கு இன்னும் ஓரளவு நடமாட்டம் இருக்கிறது. பேரக்குழந்தை இன்னும் வரவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் நாங்கள் வீட்டைவிட்டு வெளியே வருகிறோம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு, தினமும் மிச்சமான காசைச் சீட்டுப் போட்டுச் சேர்த்து உங்களிடம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே ஆறு பேர். உங்கள் தொழிலுக்கு அரிசி பருப்பு மாதிரி நாங்கள். எங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

நாங்களும் சொன்னதில்லை. ஆகவே இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை ஆறு மணி இருக்கும். கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவைப் பார்த்துவிட்டு, தேநீருக்காகப் பூம்புகார் பக்கம் பஸ் திரும்பியபோது கிளட்ச் போய்விட்டது. மயிலாடுதுறையிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். வழிகாட்டித் தம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. பாக்கி இருந்தது திருநள்ளாறு ஒன்றுதான். “சனீஸ்வரனை விட்டுவிட்டுப் போனால் எப்படி?” என்று ஆண்கள் பஸ்ஸைச் சுற்றி நின்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் பெண்கள் ஒவ்வொருவராக நழுவிக் கடற்கரைக்கு நடந்துவிட்டோம். பக்கத்தில் ஒரு கழிப்பறையும் இருந்தது. ஐந்து ரூபாய் கொடுத்து எல்லோரும் அவசரமில்லாமல் போய்வந்தோம். அன்றைய தினத்தில் எனக்குக் கிடைத்த முதல் சுகம் அது. சிரிக்காதீர்கள்.

மணலில் உட்கார்ந்தோம். மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள். கடலுக்குள்ளிருந்து நிலா மெல்ல மேலே வந்தது. காலையில் திங்களூரில் வரிசையில் நின்று பத்து நொடி பார்த்த சந்திரனை இங்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். காலை நீட்டினோம். ஒருத்தி செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டாள். கடற்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அப்படியும் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டார். கழுத்தெல்லாம் ஈரம். “திடீர் திடீரென்று உள்ளேயிருந்து அடுப்பு மூட்டின மாதிரி எரிகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது” என்றார். எதிரில் இருந்தவர், “எனக்கும்தான்” என்றார். பின்னால் இருந்து இன்னொரு குரல். கொஞ்ச நேரத்தில் பதினைந்து பதினாறு பேர் நெருங்கி வந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டோம். உடம்புச் சூடு என்று இரண்டு வருடமாக வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறவர் ஒருவர். நெஞ்சு படபடக்கிறதே என்று இதய மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பி, அதற்காகவே ராகுவுக்குப் பாலாபிஷேகம் செய்ய வந்தவர் ஒருவர்.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் இருந்தார். அவர்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் பிரித்துச் சொன்னார். மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடாது. நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே சுரப்பிகள் தாளம் தப்ப ஆரம்பித்துவிடும். எரிச்சலும் வியர்வையும் தூக்கமின்மையும் படபடப்பும் காரணமில்லாத கோபமும் அதில் சேர்ந்தவை என்றார். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலோருக்கு அது 45-க்கும் 55-க்கும் இடையில். நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண்மை ஹார்மோன் குறையும்போது சிறுநீர்ப் பாதையின் சவ்வு மெலிந்துவிடுவதால் அடக்கிவைப்பது கடினமாகும், கிருமித் தொற்றும் எளிதில் வரும். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காரணம், சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே எங்களில் யாரும் வயிறாரத் தண்ணீர் குடிக்கவில்லை. உங்கள் பஸ் எப்போது நிற்கும், எங்கே நிற்கும் என்று தெரியாத பெண் செய்யக்கூடியது அது ஒன்றுதான்: குடிக்காமல் இருப்பது.

பிறகு மாத்திரைப் பேச்சு வந்தது. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆண் ஏற்பாட்டாளர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக நினைப்பீர்கள், தாண்டாதீர்கள்.

உங்கள் நோட்டீஸில் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இரண்டு செய்திகள் இருக்கும். முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. கோயில் ஆசாரத்துக்கு உட்பட்டு வர வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பெண் மருந்துக்கடைக்குப் போகிறாள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்கிறாள். நோரெதிஸ்டிரோன் என்று பெயர். மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து அது; எங்கள் ஊரில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து வேளைக்கு ஒன்றாக தினம் மூன்று போட வேண்டும் என்பது வழக்கமான முறை. எதிர்பார்க்கும் தேதி என்று ஒன்று இருந்தால்தானே! என் வயதில் அது இருபது நாளிலும் வரும், அறுபது நாளிலும் வரும். ஆகவே பயந்துகொண்டு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே போட ஆரம்பிக்கிறோம். அன்று அந்த வட்டத்தில் கை தூக்கச் சொன்னார் செவிலியர். ஏழு கைகள் உயர்ந்தன. என்னுடையதும் ஒன்று.

அவர் முகம் மாறிவிட்டது. முன்பு எப்போதாவது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா, கடுமையான ஒற்றைத் தலைவலி உண்டா, வீட்டில் யாருக்காவது பக்கவாதம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். இந்த மாத்திரையின் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. அதனால் சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்றார். உட்கார்ந்தே போகும் நெடும்பயணத்தைப் பற்றியும் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் நானும் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்குமேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானத்துக்கு மட்டுமல்ல, பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும். ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்கிற அளவிலான ஆபத்துதான், பீதியடைய ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை போட்ட 50 வயதுப் பெண்ணை, தண்ணீரும் குடிக்கவிடாமல், இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவே முழங்கால் இடிக்கிற பஸ்ஸில் ஆறு மணி நேரம் நிறுத்தாமல் கொண்டுபோனால், அந்த ஆபத்துக்கு நீங்களே ஒவ்வொரு படியாகக் கட்டிக்கொடுக்கிறீர்கள்.

கோயில் ஆசாரத்தை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை; அந்த வழக்கை வேறு இடத்தில் பேசிக்கொள்கிறேன். உங்கள் கையில் இருப்பது முன்பணம். ஒரு பெண் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் “என்னால் வர முடியவில்லை” என்று சொன்னால், காரணம் கேட்காமல் அடுத்த பயணத்துக்கு அவள் பெயரை மாற்றி எழுதுங்கள். உங்களிடம் காத்திருப்போர் பட்டியல் எப்போதும் இருக்கிறது. இருக்கை காலியாகப் போகாது. இந்த ஒரு வரியை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டால், அந்த ஏழு பேரில் ஐந்து பேராவது மருந்துக்கடைக்குப் போயிருக்க மாட்டோம். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லாத காரியம் இது. இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கழிப்பறையும் அப்படித்தான். புதிதாகக் கட்டித்தரச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்கிலோ உணவகத்திலோ பஸ் நிற்கும் என்று முடிவு செய்து, எந்த இடம், எத்தனை மணி என்பதைக் கோயில் பெயர்களோடு சேர்த்தே அச்சடியுங்கள். தெரிந்தால் நாங்கள் தண்ணீர் குடிப்போம். அதே நிறுத்தத்தில் இறங்கி நாலு எட்டு நடந்தால் காலுக்கும் நல்லது. தங்கும் மண்டபத்தில் மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றாவது இருக்கட்டும். முழங்கால் மடங்காதவளுக்கு ஒன்பது கிரகங்களின் அருளைவிட முதலில் வேண்டியது அது.

இருக்கை விஷயத்தில் ரயில்வேயைப் பாருங்கள். 45 வயதான பெண்ணுக்கு, அவள் வாய்திறந்து கேட்காவிட்டாலும், காலி இருந்தால் கீழ்ப் படுக்கையை ஒதுக்குகிறது அந்தக் கணினி. அவ்வளவு பெரிய நிர்வாகத்துக்கு அந்த வயதின் முழங்கால் தெரிந்திருக்கிறது. தனியாக வருகிற பெண்ணுக்கு நீங்கள் கொடுப்பது கடைசி வரிசை. தம்பதிகளுக்குத்தான் முன்வரிசை என்பது எந்த ஊர்ச் சட்டம்? கணவரை இழந்து, பத்து வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஊரைவிட்டு வெளியே வந்த ஒருவர் அந்தக் கடைசி வரிசையில் ஒவ்வொரு குழிக்கும் தூக்கித் தூக்கிப் போடப்பட்டதை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு வந்தேன். போதாக்குறைக்கு, பணம் கட்டும்போது “துணைக்கு யார் வருகிறார்கள்?” என்று கேட்கிறீர்கள். 42 பேர் வருகிறார்களே, போதாதா?

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் புதுக்கோட்டைக்காரர். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது நினைவிருக்கும். அப்போது அவருக்கு 19 வயதாம். ஊரே வேடிக்கை பார்க்க, பாவாடை தாவணியோடு விழுந்து எழுந்து ஓட்டினேன் என்று சொல்லிச் சிரித்தார். அன்று சைக்கிள் மிதித்த கால்கள்தான் இன்று உங்கள் பஸ்ஸின் ஒரு அடி உயரப் படியில் ஏறத் தடுமாறுகின்றன. ஒரு சின்ன மர முக்காலி வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். வேறென்ன சொல்ல.

வைத்தீஸ்வரன்கோயிலில் எங்களுக்குக் கொடுத்தது 25 நிமிடம். நோய் தீர்க்கும் சுவாமி. பக்கத்தில் தைலப் பாத்திரம் ஏந்தி நிற்பதாகச் சொல்லப்படும் தையல்நாயகி. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் உடம்பு வலியோடு வந்து, சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் போட்டு, திருச்சாந்து உருண்டை வாங்கிக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்துவிட்டுப் போன இடம். அந்தப் பிராகாரத்தில் தூணில் சாய்ந்து அரை மணி நேரம் கண்ணை மூடியிருக்க எனக்கு ஆசையாக இருந்தது. வெளியே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடியபோது மூச்சு இரைத்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன்.

வயதில்லை என்பது பிறகு தெரிந்தது. இரண்டு வருடமாக மாதம் எட்டு ஒன்பது நாள் விடாமல் போய்க்கொண்டிருந்ததை, நிற்கப்போகும் காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னதால் நானும் விட்டுவிட்டேன். பூம்புகார் மணலில் செவிலியர் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போன மறுநாளே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போனேன். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். கர்ப்பப்பையில் கட்டி ஒன்று இருந்தது; சாதாரணக் கட்டிதான். இரும்புச்சத்து மாத்திரையும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். அன்றைக்கே ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாம் பார்த்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான்கு மாதம் கழித்து இப்போது கடையில் மூன்று மாடி ஏறிப் பதிவேடு எடுத்து வருகிறேன். மூச்சு வாங்கவில்லை.

இவ்வளவும் உங்கள் பஸ்ஸின் கிளட்ச் போனதால் கிடைத்தது. பயணத்திட்டத்தில் இல்லாத அந்த 2 மணி 50 நிமிடத்தில். மெக்கானிக் வேலையை முடித்தபோது திருநள்ளாற்றில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வழியில்லை. எட்டுக் கிரகங்களோடு திரும்பினோம். ஆண்களில் சிலர் பாதிப் பணம் கேட்டுச் சண்டை போட்டார்கள். பெண்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? மாமியாரிடம் என்ன சொல்வது என்று மட்டும் கொஞ்சம் யோசித்தோம்.

அதனால்தான் இதையும் கேட்கிறேன்: ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு ஒரு பஸ் போடுங்கள். பெண்களுக்கு மட்டும். இரண்டு இரவு, படுக்கையோடு. பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனிப்பக்கம் இருக்கிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்ட ஆட்கள் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தார்கள் என்பது பல காலமாக என் மனக்குறை. அதற்கு நாங்களே நல்லெண்ணெய் கொண்டுவந்து தங்கும் இடத்திலேயே ஒருவர் தலையில் ஒருவர் தேய்த்துக்கொள்வோம். சாரலில் நடப்போம். மதியம் தூங்குவோம். வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு கோயில் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள்; அருவியை ஒட்டியே குற்றாலநாதர் இருக்கிறார். முடிந்தால் பயணத்தில் ஒரு மாலை, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரை அழைத்து உட்காரவையுங்கள். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு ஜமுக்காளம் போதும்.

நவக்கிரகப் பயணத்துக்கு 1,800 ரூபாய் கட்டினேன். இதற்கு 3,000 கேட்டாலும் தருவேன். சீட்டுப் பணம் அடுத்த மாதம் எடுக்கிறேன். எனக்கும் என் நாத்தனாருக்கும் புதுக்கோட்டை அக்காவுக்கும் சேர்த்து மூன்று இடம் குறித்துவையுங்கள். கடைசி வரிசை வேண்டாம். அந்த அக்காவுக்கு ஜன்னல் ஓரம் கொடுங்கள். எரிச்சல் வரும்போது காற்று வேண்டும்.

இப்படிக்கு,
31-ஆம் எண் இருக்கையில் வந்தவள்,
ஈரோடு.